ஒரு விலாசம், ஏழு பெயர்கள்

2023 செப்டெம்பர் 4, திங்கள், காலை 7.40

இந்த விலாசத்தில் குடியிருப்போர்: இரண்டு பேர். இந்த விலாசத்துக்குக் கடிதம் வருவோர்: ஏழு பேர்.

எண்ண வேண்டி வந்ததற்குக் காரணம், கதவடியில் கிடந்த கட்டுக்குள் எனக்கு வந்த ஒன்றைத் தேடி எடுக்க நேரம் போனதுதான். வீட்டுக்காரரின் நோட்டீஸ். வீட்டை விற்கப் போகிறாராம். நவம்பர் முடிவதற்குள் நானும் அம்மாவும் வெளியேற வேண்டும்.

இந்தக் கொப்பி பற்றி: முழங்கால் வலியைப் பத்துக்கு எத்தனை என்று குறித்துவரச் சொல்லி பிசியோதெரபி செய்யும் பெண் தந்தது. லிப்ட் திருத்துவது என் வேலை; போன வருடம் ஒரு லிப்ட் குழிக்குள் விழுந்தேன். அதற்குப் பிறகு கிழமையில் மூன்று நாள்தான் வேலை. சம்பளம் வாடகைக்குக் காணாது, அரசாங்கத்தின் வீட்டு உதவிப் பணம் மிச்சத்தைக் கட்டுகிறது. வலிக்கு ஒரு இலக்கம் போதும். பக்கத்தில் மற்ற இடம் சும்மா கிடக்கிறது, எழுதுகிறேன். தமிழில். அவளுக்கு இலக்கம் விளங்கினால் சரி.

முழங்கால்: 3.

செப்டெம்பர் 9, சனி

லண்டன் மேற்கில், ஹேய்ஸில் பிளாட் பார்க்கப் போனோம். ஐந்தாம் மாடி, இரண்டு அறை, புதுக் கட்டடம். பங்கு வீடு. கால் பங்கை நான் வங்கிக் கடனில் வாங்க வேண்டும். முக்கால் பங்கு ஒரு வீட்டுச் சங்கத்துக்குச் சொந்தம், அதற்கு வாடகை கட்ட வேண்டும். அந்த வாடகைக்கு உதவிப் பணம் தொடர்ந்து வரும். உதவிப் பணத்தையும் வருமானமாகக் கணக்கெடுக்கும் வங்கி ஒன்று இருக்கிறதாம். எனக்குக் கடன் கிடைக்க இருக்கிற ஒரே வழி அது.

அம்மாவுக்கு இதை மூன்று தரம் விளங்கப்படுத்தினேன்.

"கால் பங்கெண்டா எந்தப் பங்கு, தம்பி? குசினியோ, கக்கூசோ?"

"அது இடமில்லை அம்மா, சதவீதம்."

"இடமில்லாமல் என்னண்டு வீடு?"

வீட்டைக் காட்ட வந்த பெண், அம்மா என்ன கேட்கிறா என்று கேட்டாள். சமையலறை பிடித்திருக்கிறதாம் என்று சொன்னேன்.

லிப்ட் பரவாயில்லை. ஐந்தாம் மாடியில் பெட்டி தரைமட்டத்துக்கு ஆறு மில்லிமீட்டர் கீழே நிற்கிறது. என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சொல்லவில்லை.

திரும்பும்போது அம்மா கீழே தபால் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுவிட்டா. வரிசையாகச் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. வாயைக் கையால் அளந்து பார்த்தா.

"இதுக்குள்ள எத்தினை கடிதம் கொள்ளும்?"

"எங்கட கடிதம் கொள்ளும்."

வீட்டை எங்களுக்கென்று குறித்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தோம்.

செப்டெம்பர் 13, புதன்

வீட்டுக் கடன் எடுத்துத் தரும் தரகர் சிவகடாட்சம் அண்ணையின் கந்தோர். ஒரு சலூனுக்கு மேலே. மேசையில் எப்போதும் ஒரு பை கச்சான் கடலை. கோது உடைத்துக்கொண்டேதான் கதைப்பார்.

"தம்பி, நீ இருக்கிறது வீடோ, மடமோ?"

"ஏன்?"

"உன்ரை விலாசத்தில ஏழு பெரியாக்கள் இருக்கினம் எண்டு கொம்பியூட்டர் சொல்லுது. வங்கி கேக்குது. பெனிபிட் கந்தோரும் உன்னைக் கேட்டிருக்குமே?"

கேட்டிருந்தது. கடிதம் என் பையில்தான் இருந்தது. மற்றப் பெரியவர்கள் உன்னோடு குடியிருந்தால் அவர்களும் வாடகைக்குப் பங்கு தர வேண்டும். யார் யார் இருக்கிறார்கள் என்று தெளிவாகும்வரை வீட்டு உதவிப் பணம் நிறுத்தி வைக்கப்படும். உதவிப் பணம் நின்றால் வருமானம் காணாது. வருமானம் காணாவிட்டால் கடன் இல்லை. எளிமையான சுற்று. ஒரு இடத்தில் வயர் கழன்றால் எல்லா லைட்டும் போகும்.

"அஞ்சு பேரும் இஞ்சை இல்லை எண்டு எழுதிக் குடுக்கிறன்."

"நீ எழுதினா ஆர் நம்புவான்? ஒவ்வொருத்தரும் எங்கை இருக்கினம் எண்டு தாளோட காட்டோணும். இல்லையெண்டு நிரூபிக்கிறதுக்கு ஒரே வழி, வேறை எங்கையோ இருக்கினம் எண்டு காட்டுறதுதான். ஒக்டோபர் இருபத்தேழு கடைசி. பிந்தினா அந்த பிளாட் அடுத்த ஆளுக்கு."

கச்சான் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

செப்டெம்பர் 14, வியாழன்

வேலையால் வந்ததும் அம்மாவோடு சண்டை. விலாசம் கொடுத்ததெல்லாம் அவதான். கோயிலில், கடையில், பஸ்ஸில். யாராவது "ஒரு கடிதம் வாறதுக்கு ஒரு விலாசம் இல்லை அக்கா" என்றால் போதும், கைப்பையில் இருந்து பேனை வந்துவிடும்.

"நான் என்ன வீட்டையோ குடுத்தனான்? விலாசம்தானே. குடுத்தாக் குறையிறதுக்கு அதென்ன சோறே?"

"குறைஞ்சிட்டுது அம்மா. உதவிப் பணம் நிண்டிட்டுது."

"இஞ்ச வந்த புதுசில எங்கட அகதிக் கேஸ் கடிதம் ஆற்றை வீட்டுக்கு வந்தது?"

"யோகராணி ரீச்சர் வீட்டுக்கு."

"எத்தினை வருசம்?"

"ரெண்டு."

"உங்கட கடிதம் எங்கட கதவுக்கு இடைஞ்சல் எண்டு அவ ஒரு நாளாவது சொன்னவவோ?"

அது வேறு காலம் என்றேன்.

"ஓம், வேறை காலம்தான். அப்ப உனக்குப் பதின்மூண்டு வயசு. வாய் இவ்வளவு நீளமில்லை."

ஐந்து பெயர்களையும் எழுதி எடுத்தேன். கருணைநாதனும் மனைவியும், இப்போது பேர்மிங்காமில். பரராசா, டாக்சி ஓடுகிறவன். யோகராணி ரீச்சர். அருளம்பலம்.

கடைசிப் பெயரை எழுதும்போது அம்மா குசினிக்குள் போய்விட்டா.

செப்டெம்பர் 17, ஞாயிறு

கருணைநாதனுக்குப் போன் எடுத்தேன்.

"அஞ்சு வருசமாக் கிடந்த பேர், உமக்கு இப்பதான் குத்துதோ?"

"ஓம், இப்பதான் குத்துது."

"கொம்மா இப்பிடிக் கதைக்கமாட்டா."

"அவ கதைச்சிருந்தா நான் கதைக்கத் தேவையில்லை."

தன் வீட்டு வரிக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டு பெயர் வெட்டு. எனக்குப் பிடித்த மாதிரிப் பேச்சு, ஒரு நிமிடத்தில் முடிந்தது.

பரராசா நேரில் வந்தான். டாக்சியை ரோட்டில் மறித்து நிறுத்திவிட்டு ஏறி வந்தான்.

"மச்சான், என்ரை பேரையும் வெட்டப் போறியோ? உந்த விலாசத்திலதான்ரா எனக்கு லைசென்ஸ் கிடைச்சது. ராசியான விலாசம்."

"ராசியையும் கொண்டு போ. கையெழுத்தை வைச்சிட்டுப் போ."

"உனக்குக் காலில அடிபட்டதெண்டு கேள்விப்பட்டன். வாயிலதான் பட்டிருக்கோணும்."

தன் வீட்டு வாடகைத் தாளைத் தந்து கையெழுத்தும் வைத்தான். அம்மா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தா. எனக்கு இல்லை.

முழங்கால்: 3.

செப்டெம்பர் 20, புதன்

இன்று வந்த கடிதங்களில் எனதையும் அம்மாவினதையும் எடுத்தேன். மிச்சம் எல்லாவற்றிலும் "இந்த விலாசத்தில் இல்லை, திருப்பி அனுப்பவும்" என்று பெரிய எழுத்தில் எழுதிச் சந்தியிலுள்ள தபால் பெட்டியில் போட்டேன். பெயர் பார்க்கவில்லை. விதிவிலக்கு வைத்தால் அது விதியில்லை.

செப்டெம்பர் 23, சனி

யோகராணி ரீச்சர் வந்தா. இரண்டு பஸ் மாறி. அவவின் கடிதங்கள் ஏன் எங்கள் வீட்டுக்கு வருகின்றன என்று இன்றுதான் தெரியும். மகன் வீட்டில் எல்லாக் கடிதத்தையும் மருமகள் முதலில் உடைத்துவிடுவாளாம். கோபமாகச் சொல்லவில்லை. வெளியில் மழை என்று சொல்லும் குரல்.

"வங்கிக்குச் சொல்லிப்போட்டன் தம்பி, இனி மகன் வீட்டுக்கே அனுப்பட்டும். நீ யோசியாதை. உன்ரை கால் எப்பிடி?"

"பரவாயில்லை ரீச்சர்."

அவவுக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த இரண்டு கடிதங்களைக் கொடுத்தா. ரீச்சர் கண்ணாடி போட்டு, மேசையில் இருந்து, இரண்டையும் ஆறுதலாக வாசித்தா. பிறகு நான்காய்க் கிழித்து எங்கள் குப்பைக் கூடைக்குள் போட்டா. கைப்பையைப் பூட்டினா. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனா.

மகன் வீட்டு விலாசத்துக்கான தாள் கையில் கிடைத்தது. நான்கு பெயர் முடிந்தது.

அம்மா சாப்பாட்டை மேசையில் வைத்து மூடிவிட்டு அறைக்குள் போய்விட்டா.

செப்டெம்பர் 29, வெள்ளி

ஐந்தாவது பெயர். அருளம்பலம், வயது எழுபது. வெம்பிளியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஒரு கட்டில். அந்த வீட்டுக்காரன் கட்டில் கணக்கில் வாடகை வாங்குவான், கடிதம் வர விடமாட்டான். அருளம்பலத்துக்கு எங்கள் விலாசத்தில் வருவது ஆஸ்பத்திரிக் கடிதங்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். வேலைக்குப் போகிற வழி.

அம்மா மட்டும் இதை ஒத்துக்கொள்ளமாட்டா. இன்றும் கேட்டா.

"ஸ்லௌவில வேலை செய்யிறவனுக்கு வெம்பிளி எப்பிடியடா வழி?"

"வழிதான்."

வேலையிடத்தில் எல்லோரும் என்னை மிஸ்டர் அருளம்பலம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேதீஸ்வரனுக்குப் பின்னால் போட எனக்கு வேறு பெயர் இல்லை. பத்து வருடத்துக்கு முன் அவர் ஒரு பெண்ணோடு லூட்டனுக்குப் போனார். பிறகு அதுவும் முடிந்தது. இதில் மேலதிகமாக எழுத ஒன்றுமில்லை.

படி செங்குத்து. கைபிடி ஆடுகிறது. அவர் கட்டிலில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அறையில் ஆறு கட்டில், ஒரு யன்னல்.

"வாரும், லிப்ட் இஞ்சினியர். எங்கட படி எப்பிடி?"

"கைபிடி ஆடுது."

"ஆடும். விழாது. என்னைப்போலை."

விஷயத்தைச் சொன்னேன். இங்கே இருக்கிறார் என்பதற்கு ஒரு தாள் வேண்டும் என்றேன்.

"இஞ்சை இருக்கிறன் எண்டோ? இந்த அறை இருக்கெண்டே தாளில்லை, தம்பி. அந்தாளைக் கேட்டா, நாளைக்கே என்ரை பெட்டி ரோட்டில."

"அப்ப என்ன செய்யிறது?"

"செத்துப்போனார் எண்டு எழுதிவிடும். லேசு."

"அதுக்கும் தாள் வேணும்."

நன்றாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புறப்படும்போது கேட்டார், "கையில ஏதோ சின்ன ஒபரேசன் செய்யோணும், திகதி கடிதத்தில வரும் எண்டு சொன்னவை. வந்ததோ?"

வரவில்லை என்றேன்.

முழங்கால்: 7.

ஒக்டோபர் 3, செவ்வாய்

மழை. வேலை. பழைய லிப்ட் ஒன்றின் கதவு மோட்டார் மாற்றினோம். முழங்கால்: 4.

ஒக்டோபர் 6, வெள்ளி

கொடுக்கக் கடிதம் இல்லை. வெம்பிளிக்குப் போகவில்லை. முழங்கால்: 3. ஸ்லௌவுக்கு நேர்ப் பாதை நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

ஒக்டோபர் 11, புதன்

ஆஸ்பத்திரியில் இருந்து அம்மாவின் போனுக்கு அழைப்பு. அருளம்பலம் அவசரத்துக்குக் கொடுத்திருப்பது அம்மாவின் நம்பரைத்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளரை லைனில் வைத்துக் கதைத்தார்கள். ஒபரேஷனுக்கு அவர் வரவில்லை. கடிதமும் திரும்பி வந்துவிட்டது. ஆள் அந்த விலாசத்தில் இல்லை என்பதால் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். இனிக் குடும்ப டொக்டரிடம் போய் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அந்த டொக்டரிடமும் எங்கள் விலாசத்தில்தான் பதிவு.

அவரின் சிறுநீரகம் முடிந்துகொண்டு போகிறது. இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் போடுவதற்கு முன் கையில் இரத்தக் குழாயைச் சரிக்கட்ட வேண்டும். அதற்குத்தான் திகதி.

"இந்த விலாசத்தில இல்லை எண்டு ஆரோ பெரிசா எழுதி அனுப்பியிருக்கினமாம்," என்றா அம்மா.

"நான்தான்."

"பேரைப் பாக்காமலோ?"

"பாத்தனான்."

அம்மா குசினிக்குப் போய் அரிசி கழுவினா. வழமையாக மூன்று தண்ணி. இன்று தண்ணி ஓடும் சத்தம் நிற்கவேயில்லை.

செப்டெம்பர் இருபதாம் திகதி எழுதியதில் ஒரு வரி பிழை. வெட்டவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஒக்டோபர் 12, வியாழன்

வேலைக்கு லீவு. டொக்டரின் கிளினிக்கில் காலை முழுவதும் வரிசையில் நின்றேன். மன்றாடவில்லை. நடந்ததைச் சொன்னேன், யார் எழுதியது என்பதையும். வரவேற்பில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவசரம் என்று குறித்து அனுப்பினாள். புதுத் திகதி கடிதத்தில் வரும் என்றாள்.

எந்த விலாசத்துக்கு என்று கேட்டாள்.

இதே விலாசம் என்றேன். முழங்கால்: 6.

ஒக்டோபர் 15, ஞாயிறு

சிவகடாட்சம் அண்ணைக்கு ஞாயிறும் வேலை நாள்.

"நாலு பேர் சரி. அஞ்சாமாள்?"

"அவர் இருக்கிற இடத்துக்குத் தாளில்லை."

"இடமில்லாத மனிசனை இஞ்சை இல்லையெண்டு காட்டேலாது, தம்பி. பன்ரெண்டு நாள் கிடக்கு." கோதை ஊதித் தள்ளினார். "ஆர் உவர்? கொப்பரோ?"

"அருளம்பலம்."

"அதைத்தானே கேக்கிறன். சரி, விடு. பென்சன் உதவி எடுக்கிறாரோ?"

"ஓம்."

"அப்ப அவர் உன்னோட இருந்தாலும் உன்ரை உதவிப் பணத்தில வெட்டில்லையே. கொம்மாவுக்கு வெட்டினவையோ? இல்லை. அதே கணக்குத்தான். வேலை செய்யிற ஆக்கள் இருந்தாத்தான் வெட்டு."

"வங்கி?"

"வீட்டில தனக்கு உரிமை இல்லையெண்டு ஒரு கையெழுத்து. அதையும் கொம்மா வைக்கத்தானே போறா. ஆனா ஒண்டு. இருக்கிறார் எண்டு எழுதினா, இருக்கோணும். பொய்க்குப் பேர் போட்டுத்தான் இவ்வளவு கரைச்சல்."

பஸ்ஸில் யோசித்தேன். வேலையில் இதைப் பல தரம் பார்த்திருக்கிறேன். லிப்டுக்குள் இருக்கும் இலக்கப் பலகை நான்காம் மாடி என்று காட்டும். பெட்டி மூன்றில் நிற்கும். வேலைக்குப் புதிதாக வந்தவன் பலகையைக் கழற்றத் தொடங்குவான். பலகையில் ஒரு பிழையும் இருக்காது. பெட்டியை நான்குக்கு ஏற்ற வேண்டும்.

ஒக்டோபர் 16, திங்கள்

அம்மாவுக்குச் சொன்னேன். பலகை, பெட்டி எல்லாம் சொல்லவில்லை. அருளம்பலத்தை இங்கே கூட்டி வருவது என்ற முடிவை மட்டும் சொன்னேன்.

"விலாசம் குடுத்தனான். வீடு குடுக்கேல்லை."

"இது ஒண்டுதான் வழி, அம்மா."

"உன்ரை கடனுக்கு வழி. எனக்கு?"

அவ கையிலிருந்த துணியை மேசையில் வைத்தா.

"அந்த மனிசன் போனது என்னை விட்டு. ஆசுப்பத்திரியை விட்டில்லை. அதாலதான் கடிதம் வரட்டும் எண்டு விட்டனான். கடிதம் கதைக்காது. இருமாது. என்ரை குசினிக்குள்ள வந்து உப்புக் காணாதெண்டு சொல்லாது."

"அவரை என்ரை அறையில வைக்கிறன். நான் முன்னறையில படுக்கிறன்."

"எனக்கு அவர் ஆர் எண்டு எழுதப் போறாய்?"

"விண்ணப்பம் என்ரை பேரில. எனக்கு அவர் ஆர் எண்டுதான் கேப்பினம்."

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, அப்ப."

உண்மை. படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை.

அவ மாட்டேன் என்றால் பிளாட் போய்விடும், நவம்பர் முடிய எங்கே போவதென்று தெரியாது. இதை நான் சொல்லவில்லை. அவவுக்கு இது தெரியாமல் இல்லை.

ஒக்டோபர் 17, செவ்வாய்

அம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டிருந்தா.

ஒக்டோபர் 18, புதன்

இன்றும். சாப்பாடு மட்டும் மேசையில் இருந்தது.

ஒக்டோபர் 20, வெள்ளி

காலை சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கோட்டோடு வந்து நின்றா.

"நானும் வாறன்."

"எங்கை?"

"ஸ்லௌவுக்குப் போற வழியிலை இருக்கிற வெம்பிளிக்கு."

படிகளில் இரண்டு இடத்தில் நின்றா. ஆடுகிற கைபிடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தா. அருளம்பலம் கட்டிலில் படுத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி, போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"வாரும்," என்றார். "இருக்கக் கதிரையில்லை."

"நான் இருக்க வரேல்லை."

அம்மா அறையைப் பார்த்தா. ஆறு கட்டிலையும், யன்னலில் காய்ந்த உடுப்புகளையும்.

"சாப்பாடு?"

"கீழை கடையில."

"உப்பு?"

"கடைச் சாப்பாடு, பின்னை?"

"கால் வீங்கிக் கிடக்கு."

"அது சப்பாத்து இறுக்கம்."

அவர் சப்பாத்துப் போட்டிருக்கவில்லை. மூன்று பேரும் அந்தக் காலைப் பார்த்தோம். மேல் கட்டிலில் யாரோ திரும்பிப் படுத்தான்.

கடிதத்தைத் திருப்பி அனுப்பியது நான் என்று அவரிடம் சொன்னேன். பெயரைப் பார்த்துத்தான் எழுதினேன் என்றும்.

"தெரியும்," என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தனான், சொன்னவை. உம்மட வேலை எண்டு நினைச்சன். வேறை ஆர் எழுதப் போகினம், வேறை ஆருக்கும் அந்தளவுக்குக் கோபமில்லை."

இன்று வேலைக்கு வரவில்லை என்று போன் எடுத்துச் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தா. சந்தை தாண்டியதும் என் பக்கம் திரும்பினா.

"கேதீஸ், அந்தக் கால் பங்கு எண்டியே."

"ம்."

"குசினி என்ரை. அதுக்குள்ள அவர் வரப்படாது. மிச்சத்தை நீயும் கொப்பரும் பிரியுங்கோ."

"சரி."

"சமைச்சுக் குடுக்கவும் மாட்டன். அதையும் எழுதிக்கொள்."

எழுதிவிட்டேன். முழங்கால்: 7.

ஒக்டோபர் 21, சனி

பரராசாவின் டாக்சியில் அவரைக் கூட்டி வந்தோம். ஒரு பெட்டி, ஒரு தலையணை. "ராசியான விலாசம் ஐயா, பயப்பிடாதேங்கோ," என்றான் பரராசா. காசு வாங்கவில்லை.

வாசலில் அருளம்பலம் சப்பாத்தைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா குசினிக்குள் இருந்தா. கதவு பூட்டு.

ஒக்டோபர் 23, திங்கள்

படிவம் அனுப்பினேன். "விண்ணப்பதாரருக்கு உறவு" என்ற இடத்தில் தெரிவுசெய்ய ஒரு பட்டியல் வந்தது. நண்பர், வாடகையாளர், உறவினர், தகப்பன், வேறு. நான்காவதை அழுத்தினேன். வேறு சரியான விடை இருக்கவில்லை.

ஒக்டோபர் 27, வெள்ளி

எல்லாத் தாளும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நவம்பர் 2, வியாழன்

அவர் கீழே கடையில் ஒரு கொத்து ரொட்டி வாங்கிவந்து முன்னறையில் இருந்து சாப்பிட்டார். அம்மா வாசலில் நின்று பார்த்தா. பிறகு என்னிடம், அவருக்குக் கேட்கும்படி, "தம்பி, உதைச் சாப்பிட்டுச் சாகிறதெண்டா வெம்பிளியிலயே செத்திருக்கலாம் எண்டு சொல்லு," என்றா.

"கேட்டது," என்றார் அவர்.

"நான் தம்பியோட கதைக்கிறன்."

கொத்து ரொட்டியில் பாதி குப்பைக்குள் போனது.

நவம்பர் 8, புதன்

உதவிப் பணம் மறுபடி தொடங்கிவிட்டது. கடனும் சரி. சிவகடாட்சம் அண்ணை போனில் கத்தினார்: "மடத்துக்குக் கடன் குடுத்திட்டாங்கள், தம்பி!" அம்மாவிடம் சொன்னேன். "அத்தினை பேரும் கையெழுத்து வைச்சதாலதான் உனக்கு வீடு, மறந்திடாதை," என்றா. குசினிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னா.

நவம்பர் 15, புதன்

ஒபரேஷன் திகதி வந்தது, டிசம்பர் பன்னிரண்டு. கடிதத்தை மேசையில் வைத்தேன். அவர் எடுத்து வாசித்தார். இந்தமுறை வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று குசினியில் இரண்டு சட்டி. பெரிய சட்டியில் வழமையான கறி. சின்னச் சட்டியில் என்ன என்று கேட்டேன். "உனக்குத் தேவையில்லாதது," என்றா.

சின்னச் சட்டியை முன்னறை மேசையில் கொண்டுபோய் வைத்தது நான். வைக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டார். உப்புக் காணாது என்று சொல்லவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

பின்னேரம் நான்கு மணிக்குச் சாவி கிடைத்தது. நாளை மாறுகிறோம். முழங்கால்: 3. பிசியோ பெண் இந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஏழு வந்து பிறகு நின்றுவிட்டதே, என்ன செய்தாய் என்று கேட்டாள். வேலைக்குப் போகும் பாதையை மாற்றினேன் என்றேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. வான் எட்டு மணிக்கு. கட்டில்கள் முதலில், அம்மாவின் சட்டிகள் கடைசியில். சட்டிகளை அவதான் தூக்குவாவாம்.

2. புது விலாசம், தபாலுக்கு: மூன்று பெயர். மூன்றும் உண்மை.

3. தபால் பெட்டிக்கு இன்னொரு சாவி வெட்ட.

4. யோகராணி ரீச்சருக்குப் போன். அவவை எங்கள் விலாசத்தில் பதியாமல், உறையில் அம்மாவின் பெயரை c/o (பொறுப்பு) என்று மட்டும் போட்டுக் கடிதத்தை எங்களுக்கு அனுப்பச் செய்யலாமா என்று முதலில் சிவகடாட்சம் அண்ணையிடம் கேட்க. ஆமென்றால், வந்து மேசையில் இருந்து வாசிக்கச் சொல்ல. கிழிக்க வேண்டாம், வைக்க மேசை லாச்சி ஒன்று தரலாம்.

5. லிப்டின் ஐந்தாம் மாடி, ஆறு மில்லிமீட்டர். ஆஸ்பத்திரி வான்காரர் அவரைச் சக்கரக் கதிரையில் கொண்டுவந்தால் அது தடக்கும். திங்கள் காலை முறைப்பாடு. கேட்காவிட்டால் நானே செய்வேன்.

6. அப்பாவுக்கு, சிறுநீரகம் தாங்க, எந்த மரக்கறியை அவித்து அந்தத் தண்ணியை வெளியே ஊற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று நர்ஸிடம் கேட்டு எழுதி வர. அம்மா கேட்கச் சொன்னா. தான் கேட்கச் சொன்னதாக அவரிடம் சொல்ல வேண்டாமாம்.